மூத்தவரே முதலில் கேட்கட்டும்



மழைக்காலத் தங்கல் முடிவுறும் பௌர்ணமி நெருங்குகின்றது. பிக்குகள் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கியிருந்து, அதன் இறுதி நாளில் நிறைவேற்றும் காரியத்திற்குப் பவாரணை என்று பெயர். இல்லறத்தாராகிய நாம் அந்நாளில் விளக்கேற்றித் திரிசரணம் கூறிப் பஞ்சசீலம் ஏற்றுக்கொண்டு, பாயசம் பருகி வீடு திரும்புகின்றோம். அன்று பிக்குகள் தமக்குள் என்ன செய்துகொள்கின்றனர் என்பதை நம்மில் பலர் கேட்டதில்லை. அது காவியுடுத்தவர்களின் விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். இவ்வாண்டு அதனைப்பற்றியே பேசத் துணிந்தோம். ஏன் துணிந்தோம் என்பது போகப்போக விளங்கும்.

பகவான் சாவத்தி நகரில், அனாதபிண்டிகர் அளித்த ஜேதவனத்தில் எழுந்தருளியிருந்த காலம். கோசல நாட்டில் வேறோரிடத்தில் சில பிக்குகள் மழைக்காலத்தைக் கழிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் நண்பர்கள். சச்சரவில்லாமல், மனக்கசப்பில்லாமல் இம்மூன்று மாதத்தையும் எவ்வாறு கழிப்பது என்று கூடி ஆலோசித்தார்கள். பேச்சினாலன்றோ பூசல் பிறக்கின்றது? ஆகையால் பேசாமலே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். பிச்சையேற்று முதலில் திரும்புகிறவர் ஆசனங்களை விரிப்பார். கால் கழுவ நீர் எடுத்து வைப்பார். கடைசியில் வருகிறவர் இடத்தைப் பெருக்கி யாவற்றையும் ஒழுங்குபடுத்துவார். நீர்க்குடம் வெறுமையாயிருக்கக் கண்டவர் அதை நிரப்புவார். தனியாகத் தூக்க முடியாவிடில் கைச்சாடை காட்டி மற்றொருவரை அழைப்பார். அவ்வளவே. எவரும் வாய் திறப்பதில்லை. மூன்று மாதமும் ஒரு சண்டையின்றிக் கழிந்தது.

வழக்கப்படி அவர்கள் பகவானைக் காண வந்தார்கள். நலமாக, ஒற்றுமையாக இருந்தீர்களா என்று பகவான் வினவினார். இருந்தோம் என்று கூறி, தாம் கைக்கொண்ட முறையையும் பெருமிதத்தோடு எடுத்துரைத்தார்கள்.

இன்றைய நிர்வாகியொருவர் இதைக் கேட்டிருப்பாராயின் அப்பிக்குகளுக்குப் பரிசளித்திருப்பார். வேலை குறைவின்றி நடந்திருக்கின்றது, புகார் ஒன்றுமில்லை, வேறென்ன வேண்டும்? பகவானோ அவர்களைக் கடிந்துகொண்டார். ஆடு மாடுகள் ஒரு பட்டியில் கிடப்பதுபோல் கிடந்துவிட்டு அதை நல்வாழ்வு என்று சொல்லிக்கொள்கின்றார்களே என வருந்தினார். ஊமை விரதத்தை அன்றோடு தடுத்தார். அதற்கு மாறாக ஏற்படுத்தியதே பவாரணை. தங்கல் முடியும் நாளில் பிக்குகள் அனைவரும் கூடவேண்டும். சங்கத்தின் மூத்த பிக்கு மேலாடையை ஒரு தோளில் ஒதுக்கி, குந்தியமர்ந்து, கைகூப்பி, தம்மிடம் கண்ட குறையோ, கேள்விப்பட்ட குறையோ, ஐயுற்ற குறையோ இருந்தால் இரக்கங்கொண்டு சொல்லுங்கள், கண்டால் திருத்திக்கொள்வேன் என்று மும்முறை வேண்டவேண்டும். அவருக்குப்பின் அடுத்தவர், அவருக்குப்பின் அடுத்தவர், இறுதியில் நேற்றுத் துறவு பூண்டவர்.

மூத்தவரே முதலில் என்னும் இவ்விதியை உற்று நோக்குங்கள். இளையவனைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் குறையைப் பத்துப்பேர் முன்னிலையில் சொல்வது உலகத்தில் எங்கும் உள்ள வழக்கம். அதற்கு ஒரு புத்தர் தோன்றவேண்டியதில்லை.

நாம் வேலைக்குச் செல்லும்போது சோற்றுப் பாத்திரத்தை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. பிறந்த வீட்டிலும் தெருவிலும் ஊரிலும் பழகிய பழக்கத்தையும் உடன் கொண்டு செல்கின்றோம். ஆலையின் வாயிலில் காவலாளி பையைச் சோதிப்பான், இதைச் சோதிக்கமாட்டான். யார் முன் நிற்கலாம், யார் முன் உட்காரலாம், யாருக்கு எதிர்ச்சொல் சொல்லலாம் என்பதையெல்லாம் பிள்ளைப் பருவத்திலேயே நம் முதுகெலும்பு கற்றுக்கொண்டுவிடுகின்றது. அதிகாரியும் அவ்வாறே தம் ஊர்ப் பழக்கத்தைக் கொண்டுவருகின்றார். இரண்டும் அலுவலகத்தில் சந்திக்கின்றன. அதற்கு நிர்வாகம் என்று பெயர் சூட்டுகின்றோம்.

ஹாலந்து நாட்டு அறிஞர் கேர்ட் ஹோஃப்ஸ்டெட் என்பவர் இதனை அளந்து பார்க்க முயன்றார். ஐ.பி.எம். என்னும் பெருங்கம்பெனியின் கிளைகள் பல தேசங்களில் இருந்தன. 1967 முதல் 1973 வரை அக்கிளைகளின் ஊழியர்களிடம் பெறப்பட்ட ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட விடைத்தாள்களை ஆராய்ந்து, 1980இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். மேலாளரின் கருத்துக்கு மாறுபடுவதாகச் சொல்ல ஊழியர் எந்த அளவுக்கு அஞ்சுகின்றனர் என்பது அவர் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. கம்பெனி ஒன்றே, இயந்திரமும் ஒன்றே. அச்சம் மட்டும் தேசத்திற்குத் தேசம் வேறுபட்டது. மேலே உள்ளவனுக்கும் கீழே உள்ளவனுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அவர் எண்ணாக்கிக் காட்டினார். டென்மார்க்கிற்கு 18, இந்தியாவிற்கு 77, மலேசியாவிற்கு 104. ஒரு கம்பெனியின் சிப்பந்திகளைக் கொண்டு ஒரு தேசத்தை அளக்கலாமா என்று அறிஞர் சிலர் மறுத்திருக்கின்றனர். நமக்கும் ஒரு மறுப்புண்டு. அக்கிரகாரத்தையும் சேரியையும் சேர்த்து ஒரே எண் இட்டால், அவ்வெண் எவருடைய முதுகைக் குறிக்கின்றது? ஆயினும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வியே.

இந்த அளவை வருவதற்கு நெடுநாள் முன்னரே பாபாசாகேப் அம்பேத்கர் இதனைக் கண்டு சொன்னார். சாதி என்பது தொழிலைப் பங்கிடும் ஏற்பாடு என்று வாதிட்டவர்களுக்கு 1936இல் வெளியிட்ட நூலில் அவர் அளித்த விடை நாமறிந்ததே. அது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்கி வைத்தது என்று காட்டினார். அவர் இதைப் புத்தகத்தில் மட்டும் கண்டவரல்லர். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குக் கூலி அதிகம். நாடாவின் துளையில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டியிருந்தபடியால், தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் வாய் பட்ட நாடாவை மற்றவர் தொடமாட்டார் என்று சொல்லி, அப்பிரிவில் நம்மவர்களைச் சேர்ப்பதில்லை. இது முதலாளி இயற்றிய சட்டமன்று. பக்கத்துத் தறியில் நின்ற தொழிலாளியின் பழக்கம். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது, எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்யும் உரிமையை ஒப்புக்கொண்டாலன்றித் தம் மக்களை வேலைநிறுத்தத்தில் சேரச் சொல்லமாட்டேன் என்று அவர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் வாதாட வேண்டியிருந்தது. அவர்கள் மனமில்லாமலே இணங்கினர். சீமையிலிருந்து வந்த இயந்திரம். அதன் நாடாவிலோ நம் ஊர்க் கிணற்றுத் தீட்டு.

கோலார் தங்கவயலின் பழைய குடும்பத்தாருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கைக்கொண்டு, 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களில் மேலே வெள்ளைத் துரைமார், நடுவே ஆங்கிலோ இந்தியர், அடியில் நம் பாட்டனார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களின் சொல், மேல்தரையில் ஒரு பங்களாவின் வராந்தாவைத் தாண்டி உள்ளே சென்றதில்லை.

அடங்கி வாய்மூடுதல் இந்நாட்டவருக்கு மட்டும் நேர்ந்த பீடை என்று எண்ணிவிடலாகாது. தூரம் குறைவு என்று ஹோஃப்ஸ்டெட் கணக்கிட்ட அவருடைய சொந்த நாட்டின் விமானத்திலேயே அது நேர்ந்தது. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனி கவிந்திருந்தது. ஹாலந்து கம்பெனியான கே.எல்.எம்.மின் விமானம் புறப்படத் துடித்துக்கொண்டிருந்தது. அதன் தலைமை விமானி அக்கம்பெனியில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சி தரும் மூத்தவர். ஓடுபாதையில் அவர் வேகத்தைக் கூட்டியபோது, எதிரிலிருந்த அமெரிக்க விமானம் பாதையைவிட்டு இன்னும் விலகவில்லையோ என்று பின்னாலிருந்த பொறியாளர் ஐயத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில வினாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர். கேட்டவரின் ஐயம் சரி. கேட்ட குரல்தான் தாழ்ந்துவிட்டது.

இதன்பின் விமானத்துறையார் செய்ததை நாம் மறக்கக்கூடாது. பொறியாளர் ஏன் உரக்கப் பேசவில்லை என்று அவரை மட்டும் பழித்துவிட்டுப் போகவில்லை. தலைவர் கேட்கப் பழகவேண்டும், துணைவர் சொல்லப் பழகவேண்டும், இரண்டும் பயிற்சியால் வரத்தக்கவை என்று கண்டு, 1979இல் அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் கூட்டிய மாநாட்டிற்குப் பின்னர் அதற்கென்றே ஒரு கல்வியை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் விமானிகள் அதைக் கற்கின்றனர். ஜேதவனத்தில் பகவான் செய்ததும் இத்தகையதே அன்றோ? நீங்கள் தைரியசாலிகளாக இருங்கள் என்று உபதேசித்து அனுப்பிவிடவில்லை. நாளும் இடமும் முறையும் வரிசையும் குறித்துக் கொடுத்தார். தைரியமில்லாதவனும் வாய் திறக்கத்தக்க ஒரு நாளை ஏற்படுத்தினார்.

இனி உடம்பின் செய்திக்கு வருவோம். பெரிய அதிகாரிக்கே கவலை மிகுதி, பியூனுக்கு என்ன கவலை, மணியடித்தால் வீட்டுக்குப் போகிறான் என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கின்றோம். 1967இல் லண்டனில் அரசாங்க அலுவலகங்களில் வேலை பார்த்த ஏறத்தாழ 18,000 ஆண்களைத் தேர்ந்து, வைத்தியர்கள் ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். அவ்வாராய்ச்சியை விளக்கியவர்களுள் முதன்மையானவர் மைக்கேல் மார்மட். முடிவு எண்ணியதற்கு நேர்மாறாக இருந்தது. வாயிற்காவலர், கடிதம் சுமப்போர் முதலான கடைநிலை ஊழியர், தலைமை அதிகாரிகளைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு வீதத்தில் மாண்டனர். நடுவிலிருந்தவர்களுக்கும் படிக்குப் படி ஆபத்து ஏறியது. புகையிலை, இரத்த அழுத்தம் முதலியன அதில் ஒரு பகுதிக்கு மட்டுமே காரணமாயின. 1985இல் ஆண் பெண் இருபாலாரும் சேர்ந்த பதினாயிரம் பேரைக் கொண்டு மறுபடியும் ஆராய்ந்தபோது ஓர் உண்மை தெளிவாயிற்று. தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எந்தச் சுதந்தரமும் இல்லாதவனுக்கு இருதய நோய் அதிகம் வருகின்றது. வேலையின் பளு மட்டும் மனிதனைக் கொல்வதில்லை. தன் சொல்லுக்கு எங்கும் இடமில்லை என்பதும் அவன் இரத்தத்தில் இறங்குகின்றது. அவர்களெல்லாம் பட்டினி கிடந்தவர்களல்லர், நிரந்தரச் சம்பளம் வாங்கிய சர்க்கார் சிப்பந்திகள் என்பதையும் நினைவிற்கொள்க.

வேலை கொடுப்போன் செய்யவேண்டிய ஐந்து கடமைகளைப் பகவான் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குச் சொன்னார். வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, அரிய சுவைப் பண்டத்தில் பங்கு, தக்க காலத்தில் ஓய்வு என்பன அவை. இவற்றை நம் வீடுகளில் சுவரில் எழுதித் தொங்கவிடலாம். அதைவிட, வேலைக்காரி வைத்திருக்கும் அளவுக்கு உயர்ந்துவிட்ட நம் குடும்பங்கள் அவளுக்கு எந்தத் தட்டில் சோறு போடுகின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இதுகாறும் பிறரைப்பற்றிப் பேசினோம். அது எளிது. நம் கிளைச் சங்கங்களுள் ஒன்றில் நடந்ததை இனிச் சொல்லவேண்டும். ஊரின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டா.

அச்சங்கத்தில் ஓர் இளைஞர், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து வந்தார். பொதுக்கூட்டமொன்றில் அவர் எழுந்து, "ஐயா, கட்டட நிதிக் கணக்கு 2 வருஷமாகக் கூட்டத்தில் படிக்கப்படவில்லையே" என்றார். குரலில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நேற்றுப் பிறந்த பிள்ளை நீ. என்னைக் கணக்குக் கேட்கிறாயா? உட்கார்!" என்றார். இளைஞர் உட்கார்ந்தார். கூட்டத்தில் எண்பது பேர் இருந்தனர்; ஒருவரும் பேசவில்லை. நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். கையிலிருந்த அழைப்பிதழை நான்காக மடித்துப் பின்னர் எட்டாக மடித்துக்கொண்டிருந்தோம். தீர்மானம் நிறைவேறியது, பிஸ்கட்டும் தேநீரும் வழங்கப்பட்டன. கோசல நாட்டுப் பிக்குகளைப்போல் ஒற்றுமையாக வீடு திரும்பினோம்.

கணக்கில் ஒரு பைசாவும் குறையவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. தலைவர் நேர்மையானவர். கேட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

சில மாதங்களுக்குப்பின் அவ்விளைஞர் நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கமில்லை என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். நாம் பார்க்கச் சென்றோம். சோதனையெல்லாம் செய்து பார்த்த டாக்டர், இருதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லி, வேலையிடத்தில் உனக்கு மேலே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாராம். அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் தினந்தோறும் வசவு. எல்லோர் முன்னிலையிலும் வசவு. சில நேரங்களில் எந்தச் சேரியிலிருந்து வந்தவன் என்னும் குறிப்போடு வசவு. இதைச் சொல்லிவிட்டுச் சற்றுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்கே சம்பளத்துக்காக வாயை மூடிக்கொள்கிறேன், ஐயா. சங்கத்தில் எதற்காக மூடிக்கொள்ளவேண்டும்?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு வந்தோம். உடல் தேறி அவர் வீடு திரும்பிவிட்டார், சங்கத்திற்குத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கின்றது.

தலைவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவருடைய தகப்பனார் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்தவர். துரைக்கு முன்னால் தகப்பனார் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்து நின்றதைச் சிறு பிள்ளையாய் இருந்து பார்த்தவர் இவர். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போனால் அங்கே மணியக்காரர் திண்ணை. அதன் கீழே நின்று பேசவேண்டும். தலைவன் என்பவன் எப்படியிருப்பான் என்பதற்கு இவர் கண்ட மாதிரிகள் இவ்விரண்டே. அவர்களை எதிர்த்துத்தான் வாழ்நாள் முழுதும் போராடினார். ஆனால் தலைவர் நாற்காலியில் அமர்ந்த கணத்தில், அவர் வாயிலிருந்து வந்த குரல் அவருடையதன்று, அந்தத் திண்ணையின் குரல். எண்பது பேரும் வாய்மூடியிருந்ததும் நம் சொந்த மௌனமன்று. அது தலைப்பாகையைக் கையில் பிடித்து நின்ற மௌனம்.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தம்மம் ஏற்றனர். அதற்கு முன்னரே, 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய நாள்தொட்டுத் தமிழ்ப் பௌத்தர் குடும்பங்கள் உள்ளன. தெய்வப் படங்களைக் கழற்றினோம்; பெயர்களை மாற்றினோம்; திருமணமுறையை மாற்றினோம். திண்ணையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து விகாரையின் உள்ளே வைத்துவிட்டோம்.

பகவான் இதை எப்படிக் களைந்தார்? சாக்கிய அரசகுமாரர்களான அனுருத்தர், ஆனந்தர் முதலியோர் துறவு பூண வந்தபோது, உடன் வந்த நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள் என்று அவர்களே வேண்டினர். சங்கத்தில் முன்னர்ச் சேர்ந்தவரே மூத்தவர். ஆகவே நேற்றுவரை தமக்குச் சவரம் செய்தவரை அவர்கள் வணங்கவேண்டும். சாக்கியர் என்னும் செருக்கு அதனால் கரையும் என்று சொன்னார்கள். பகவான் அவ்வாறே செய்தார். அந்த உபாலிதான் பின்னாளில் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில் விநயத்தை ஓதியவர். பழைய பழக்கத்தைக் கைவிடுங்கள் என்று சொல்லி நிறுத்தாமல், உடம்பு தினமும் செய்யவேண்டிய புதியதொரு பழக்கத்தை அதன் இடத்தில் வைத்தார் பகவான். 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் பேசியபோது, தீர்மானம், வாக்கெடுப்பு, குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை முதலிய நடைமுறைகளைப் பிக்கு சங்கங்கள் அறிந்து கைக்கொண்டிருந்தன என்று எடுத்துக்காட்டியதும் இதனாலேயே.

பவாரணை விதியின் வரலாற்றில் நம் மனத்தைத் தொட்ட ஒன்றுண்டு. முதலில், மூத்த பிக்குகள் குந்தியமர்ந்து வேண்டிக்கொண்டிருக்க, இளையவர் சிலர் ஆசனத்தில் சாய்ந்திருந்தனர். அது தகாது, அனைவரும் குந்தியே இருக்கவேண்டும் என்று பகவான் விதித்தார். பின்பு ஒருநாள், முதுமையால் தளர்ந்த பிக்கு ஒருவர், எல்லோரும் வேண்டி முடிக்கும்வரை குந்தியிருக்க மாட்டாமல் மயங்கி விழுந்தார். செய்தி பகவானுக்கு எட்டியது. தம் முறை முடியும்வரை குந்தியிருந்தால் போதும், பின் ஆசனத்தில் அமரலாம் என்று விதியைத் திருத்தினார். தாம் இட்ட விதியால் ஒருவர் விழுந்தார் என்று கேட்டவுடன் விதியைத் திருத்துபவர் எத்தகைய தலைவர்!

அப்படியானால் ஆளுக்கொரு குறை சொல்லிக்கொண்டிருந்தால் சங்கம் நடக்குமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. குறை சொல்பவனுக்கும் பகவான் ஐந்து வரம்பு கட்டியிருக்கின்றார். காலமறிந்து சொல்லவேண்டும், உண்மையைச் சொல்லவேண்டும், மென்மையாகச் சொல்லவேண்டும், பயன்படும்படி சொல்லவேண்டும், அன்பு நெஞ்சத்தோடு சொல்லவேண்டும். நம் இளைஞர் கணக்குக் கேட்டபோது இந்த ஐந்தில் எதை மீறினார் என்று யோசித்துப் பார்த்தோம். ஒன்றும் தென்படவில்லை.

பகவான் தமக்கு விதிவிலக்குக் கோரவில்லை. சாவத்தியில் பூர்வாராமத்தில், மிகாரமாதா எழுப்பிய மாளிகையில், பவாரணை நாளன்று ஐந்நூறு அரகந்தர்கள் சூழ அமர்ந்திருந்தார். எல்லோருக்கும் முன்னதாகத் தாமே அவர்களை நோக்கி, தம் செயலிலோ சொல்லிலோ குறையேதும் கண்டீர்களா என்று கேட்டார். சாரிபுத்தர் எழுந்து, குறை ஒன்றுமில்லை என்று விடை பகர்ந்தார். பின் தம்மைப்பற்றிக் கேட்டார். சம்மா சம்புத்தர் கேட்ட கேள்வியைக் கிளைச் சங்கத்தின் தலைவர் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமோ?

இவ்வுரையை எழுதி முடித்ததும், அச்சிடுமுன் அத்தலைவரிடமே சென்று படித்துக் காட்டினோம். அவரைப்பற்றி எழுதியதை அவரறியாமல் அச்சேற்றினால் நாமும் ஊமை விரதக்காரர்களே ஆவோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வரும் பௌர்ணமியன்று சங்க மண்டபத்தில் நாமும் ஒரு பவாரணை நடத்தலாம், தலைவர் முதலாகச் செயற்குழுவினர் தரையில் குந்தியமர்ந்து கேட்கலாம் என்று சொன்னோம். அதுவரை பேசாதிருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"தரையில் உட்காரச் சொல்லாதீர்கள். நாற்காலியில் உட்காரக்கூடாது என்று அடித்த ஊரிலிருந்து வந்தவர் என் தகப்பனார். இந்தச் சங்கத்துக்கு முதல் நாற்காலி வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்" என்றார்.

நாம் திகைத்துப்போனோம். எழுதும்போது இது நம் புத்தியில் படவில்லை. சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவரே, "எல்லோருக்கும் நாற்காலி போடுங்கள். ஒரே மாதிரி நாற்காலி. நான் எழுந்து நின்று கைகூப்பிக் கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் சொல்லி அனுப்புங்கள்" என்றார்.

சொல்லி அனுப்பியிருக்கின்றோம். அவ்விளைஞரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. கட்டட நிதிக் கணக்கு அன்று முதலில் படிக்கப்படும். தலைவரின் கைப்பிடி வைத்த மரநாற்காலி புத்தக அறைக்கு மாற்றப்படுகின்றது. படிக்க வருகிறவர் எவரும் அதில் உட்காரலாம். மண்டபத்திற்கு 90 நாற்காலிகள் தேவை. சங்கத்தில் ஒரே மாதிரியானவை 22 மட்டுமே இருப்பதால் மீதியை வாடகைக்குச் சொல்லியிருக்கின்றோம். வண்டி பௌர்ணமியன்று காலை 8 மணிக்கு வரும். இறக்கிப்போட உதவக்கூடியவர்கள் காரியதரிசியிடம் முன்னதாகத் தெரிவிக்கவும்.